சொறியாத மாத்திரை

குழம்பு நீர்த்துப்போனால் எங்கள் பக்கத்தில் யாரும் குழம்பைத் திட்டமாட்டார்கள். வைத்தவளைப் பெற்றவள் யார் என்றுதான் கேட்பார்கள். கசப்புக்கீரைக் குழம்பில் சேப்பங்கிழங்கை அவித்து இடித்துப் போட்டுக் கெட்டியாக்குவோம். களியைக் கிள்ளி உருட்டித் தொட்டால் குழம்பு களியோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும். முழங்கைக்கு ஒழுகக் கூடாது. பேச்சைத் திருப்புவதற்காக இதைச் சொல்லவில்லை மேடம். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்றால் அதுதான்.

அந்த எனாமல் கோப்பையை மேசை ஓரத்தில் வைத்திருக்கிறீர்கள். கை பட்டால் விழுந்துவிடும். கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தால் நல்லது.

என் பெயர் அடன்மா. வயது இருபத்தாறு. எனுகுவிலிருந்து அபாகலிகி போகும் சாலையில் எசெந்துகா ஐயாவின் மாத்திரைக் கூடத்தில் மூன்று வருடமாகப் பசை காய்ச்சுகிறேன். முதலாளியை நாங்கள் எல்லோரும் ஓகா என்றுதான் கூப்பிடுவோம். பள்ளியில் இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டேன். படிப்பு வராமல் இல்லை. ஒரு நாள் வகுப்பில் வெளியே போக வேண்டியிருந்தது. கையைத் தூக்கிக் கேட்கப் பயந்து உட்கார்ந்த இடத்திலேயே பாவாடையை நனைத்துவிட்டேன். கேட்டிருந்தால் டீச்சர் உடனே போகச் சொல்லியிருப்பார். அது அப்போதும் எனக்குத் தெரியும். தெரிந்தாலும் வாய் திறக்காது. மறுநாளிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை.

கூடத்தில் நாங்கள் செய்தது பெரும்பாலும் குளோரோகுவின், மலேரியாக் காய்ச்சலுக்கு. மருந்துத் தூளை அப்படியே அச்சில் போட்டு அழுத்தினால் மாத்திரை நிற்காது, உதிர்ந்துவிடும். ஏதாவது ஒன்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் பசை. மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிண்டினால் கண்ணாடி போல் வரும். அதை மருந்தோடு பிசைந்து, சல்லடையில் தேய்த்து, தட்டில் பரப்பிக் காயவைக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் அதே மாவைக் காய்ந்த தூளாகவும் கொஞ்சம் கலக்க வேண்டும். வெந்த மாவு மாத்திரையைப் பிடித்து வைக்கும். வேகாத மாவு வயிற்றுக்குள் போனதும் தண்ணீரைக் குடித்து உப்பி மாத்திரையைப் பிளந்துவிடும். பிடிப்பதும் அதுதான், விடுவதும் அதுதான். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. யாரோடும் பேச வேண்டியதில்லை.

முன்பு வெளிநாட்டுச் சோள மாவு வரும். நம் நைராப் பணத்தின் மதிப்பு விழுந்த பிறகு அதை வாங்க முடியாமல் போனது. ஓகா சேப்பங்கிழங்கு மாவுக்கு மாறினார். நான்தான் தோல் சீவி, துருவி, துணியில் பிழிந்து, மாவு அடியில் தங்கும் வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவுவேன். பச்சைச் சேம்பு கையை அரித்துத் தள்ளும். பாமாயில் தடவிக்கொண்டாலும் முழங்கை வரை சொறிந்துகொண்டே இருப்பேன். அளவுகள் எழுதிய தாள் சுவரில் ஒட்டியிருந்தது. அதில் சோளம் என்ற சொல்லை அடித்துவிட்டுச் சேம்பு என்று எழுதினார். எண்களை மாற்றவில்லை.

தாளில் இருந்தபடியே காய்ச்சினேன். முதல் சரக்கு லாரியில் அபாகலிகிக்குப் போனது. அந்தச் சாலை உங்களுக்குத் தெரியும். டப்பாவைத் திறந்தபோது பாதி தூளாகிக் கிடந்ததாம். மருந்துக்கடைக்காரர்கள் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓகா டப்பாக்களை முற்றத்தில் திறந்து பரப்பி வைத்துவிட்டு எங்கள் பதினொரு பேரையும் கூப்பிட்டார்.

"பசை காய்ச்சினது யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இதுக்குப் பேரு பசையா? கழுநீர். வீட்டுலயும் இப்படித்தான் குழம்பு வப்பியா? உன்னக் கட்டிக்கிறவன் அதத் தொட்டுச் சாப்பிடுவானா, மொண்டு குளிப்பானா?"

அச்சு இயந்திரம் ஓட்டுகிற சில்வானுஸ், "இவ குழம்புல மீனே மொகம் பாத்துத் தலை வாரிக்கும் ஓகா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஓகாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான், அத்தோடு முடிந்தது. யாரும் என்னை அடிக்கவில்லை, வேலையை விட்டு நிறுத்தவில்லை. அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் எனக்கு அன்று சாயங்காலம் வரை காதுக்குள் ஏதோ கொதித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை அந்த முற்றத்தில் அப்படி நிற்க வேண்டி வந்தால் செத்துவிடுவேன் என்று நினைத்தேன். நினைப்பு அப்படித்தான் இருந்தது. செத்துவிடுவேன் என்று.

மறுநாள் இரண்டு பங்கு மாவைப் போட்டேன். காய்ந்த தூளாகக் கலக்க வேண்டியதையும் சேர்த்துப் பசையிலேயே கொட்டினேன். கரண்டி தானாக நிற்கும் வரை கிண்டினேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அப்படித்தான் கிண்டுவோம்.

அந்த மாத்திரையை ஓகா தோள் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போட்டார். அது துள்ளி ஓடி மேசைக்கு அடியில் போனது. சில்வானுஸ் குனிந்து எடுத்துக் கொடுத்தார். ஓரம்கூட உடையவில்லை. ஓகா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது பொம்பள காய்ச்சின பசை" என்றார். எல்லோருக்கும் முன்னால் சொன்னார்.

அன்று மத்தியானம் சோதனை. சோதனை பார்த்துக்கொண்டிருந்த பெண் கல்யாணமாகிப் போர்ட் ஹார்கோர்ட் போய்விட்டதால் அந்த வேலையும் என்னிடம்தான் இருந்தது. கம்பிக் கூடையில் ஆறு மாத்திரை போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்க வேண்டும். கூடை மேலும் கீழும் போய் வரும். கால் மணிக்குள் ஆறும் கரைந்து கூடை காலியாக வேண்டும். கால் மணியானதும் பார்த்தேன். ஆறும் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் மாதிரிப் பளபளவென்று இருந்தன. அரை மணி பார்த்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். பிறகு கூடையை நிறுத்திவிட்டு ஓகாவின் அறைக்குப் போனேன்.

நான் போனேன் மேடம். அது முக்கியம். நான் போகாமல் இல்லை. உள்ளே ஒனிட்சாவிலிருந்து வந்த வியாபாரியோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே திரும்பிப் பார்த்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல ஓகா" என்றேன். "தண்ணி கேட்டீங்களோன்னு."

"கேக்கலயே."

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். பசையைக் கொஞ்சம் இளக்கு, தூளைப் பழையபடி சேர் என்று சொல்லியிருப்பார். ஒரு வாரம் அளவு மாற்றி மாற்றிப் பார்த்திருப்போம். அவ்வளவுதான் விஷயம். நான் திரும்பிப் போய் நோட்டில் எட்டு நிமிடம் என்று எழுதினேன். மறுநாள் ஒன்பது. அதற்கு மறுநாள் பதினொன்று. தினமும் எட்டு என்றே எழுதினால் பொய் போல் இருக்கும்.

சரக்கு சோதிக்க அரசாங்கத்திலிருந்து ஆள் வருவார் என்று இரண்டு நாள் முன்பே சொன்னார்கள். பழைய தாளில் இருந்தபடி ஒரு கிண்ணம் பசை தனியாகக் காய்ச்சி, நாற்பது ஐம்பது மாத்திரை அளவுக்கு மட்டும் பிசைந்து, சில்வானுஸ் சாப்பிடப் போன நேரத்தில் நானே அச்சைக் கையால் சுற்றி எடுத்துக்கொண்டேன். பால்மாவு டப்பாவில் போட்டுக் கிழங்குக் கூடைகளுக்குப் பின்னால் வைத்தேன். அந்த மனிதர் வந்தபோது அதிலிருந்துதான் கொடுத்தேன். ஏழு நிமிடத்தில் கரைந்தது. அவர் என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

சில்வானுஸுக்கு மட்டும் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு நாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "ஏ அடன்மா, இது மாத்திரையா, செவுத்துக்குப் பூசுற சிமெண்டா? என் அச்சே தேஞ்சு போச்சு" என்றார். "முழுங்குனவன் சாவானோ என்னவோ, மாத்திரை சாவாது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கேலி செய்தார், கேட்கவில்லை. இரண்டும் வேறு. யாராவது என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அதை நான் எப்போதும் நம்பினேன்.

இனி சொறிச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளோரோகுவின் சாப்பிட்டால் நம் ஆட்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும் என்பது உங்களுக்கே தெரியும். உள்ளங்கால், உள்ளங்கை, தலை, எங்கு தொட்டாலும் ஊசி குத்துவது போல் இருக்கும். காய்ச்சலைக்கூடத் தாங்கிக்கொள்வேன், அந்தச் சொறியைத் தாங்க முடியாது என்று சொல்லி மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்கள் எத்தனையோ பேர். மழைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். ஒக்பேட்டே சந்தையில் மிளகாய் விற்கிற பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

"எசெந்துகா மாத்திரை வாங்குடி. சொறியவே சொறியாது."

"பொய் சொல்லாத."

"என் புருஷன் மூணு நாளு சாப்புட்டாரு. ஒரு தடவகூடச் சொறியல. முன்னெல்லாம் செவுத்துல முதுகத் தேய்ப்பாரு, எருமை மாதிரி."

நான் மிளகாய் வாங்காமலே வந்துவிட்டேன். ஏன் சொறியவில்லை என்று அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியாது. அவள் புருஷனுக்குத் தெரியாது. ஓகாவுக்கும் தெரியாது. அவர் சேம்பு மாவில் ஏதோ குணம் இருக்கிறது என்று நினைத்தார். டப்பாவின் மேல் "சொறியாது" என்று அச்சடித்து ஒட்டச் சொன்னார். இந்த வருடம் எங்களால் சரக்கு கொடுத்து முடியவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். வயிற்றில் கரையாத மாத்திரை எப்படிச் சொறியும்.

மழைக்காலம் முழுக்க அந்த டப்பாக்கள் போய்க்கொண்டே இருந்தன. சாலையில் சவ ஊர்வலத்தின் பறைச் சத்தம் கேட்டால் நான் பின்பக்கம் போய்க் கிழங்கு கழுவத் தொடங்குவேன். காய்ச்சலில் எப்போதுமே ஆட்கள் சாவார்கள். நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பும் செத்தார்கள். அதை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதில் பொய் எதுவும் இல்லை.

நீங்கள் கேட்பது கெனேயைப் பற்றி. சொல்கிறேன்.

நான் குடியிருக்கிற வளவில் எட்டு அறைகள். என் அறைக்குப் பக்கத்து அறை கெனே அம்மாவுடையது. அவள் பெயர் ம்பாஃபோ. பிள்ளை பிறந்ததிலிருந்து எல்லோரும் கெனே அம்மா என்றுதான் கூப்பிடுகிறோம். நான் அக்கா என்பேன். புருஷன் லாகோஸில் லாரி ஓட்டுகிறான், வருடத்துக்கு இரண்டு முறை வருவான். அவளுக்கு ஒரே பிள்ளை, ஏழு வயது. சந்தையில் எனக்காக விலை பேசுகிறவள் அவள்தான். வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து சத்தம் போட்டால் என் அறை வாசலிலும் அவளே போய் நிற்பாள். "அவ வாயில்லாத பொண்ணு, எங்கிட்டப் பேசுங்க" என்பாள். என்னிடம் அவள் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

கெனே மருந்து என்றால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வான். போன வருடக் காய்ச்சலில் சொறிந்து சொறிந்து கால் முழுக்க ரத்தம். அந்த வடு இன்னும் இருந்தது. இந்த செப்டம்பரில் மறுபடியும் காய்ச்சல் வந்தது. ஒரு சனிக்கிழமை காலை. அவள் என் கதவைத் தட்டினாள்.

"தங்கச்சி, உங்க மாத்திரைதான் சொறியாதாமே. ஊரே சொல்லுது. பக்கத்துலயே வச்சுக்கிட்டு நான் எங்க போவேன். மூணு கொண்டா."

பால்மாவு டப்பாவில் இருபத்து நாலு நல்ல மாத்திரைகள் இருந்தன. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். கூடத்துச் சாவி சனிக்கிழமைகளில் என்னிடம்தான் இருக்கும். நடந்து போனேன். கிழங்குக் கூடைகளுக்கு முன்னால் நின்றேன். டப்பாவைக் கையில்கூட எடுத்தேன். நல்ல மாத்திரையைக் கொடுத்தால் அவனுக்குச் சொறியும். சொறிந்தால், ஊருக்கெல்லாம் சொறியாதது என் பிள்ளைக்கு மட்டும் ஏன் சொறிகிறது என்று கெனே அம்மா முற்றத்தில் நின்று கேட்பாள். எட்டு அறைக்காரர்களும் வெளியே வந்து நிற்பார்கள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள்.

டப்பாவை வைத்துவிட்டு விற்பனைச் சரக்கிலிருந்து மூன்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

கெனே அம்மா அதைக் கரண்டியால் நசுக்கப் பார்த்தாள். முடியவில்லை. "அடியே, கரண்டிதான் வளையுது. இரு, அம்மிக்கல்லுல வச்சு ஒரு போடு போடுறேன்" என்று எழுந்தாள்.

"நசுக்காதீங்க அக்கா" என்றேன். "கசக்கும். முழுசா முழுங்கட்டும்."

நானாக முன்வந்து ஒருவருக்கு யோசனை சொன்னது என் வாழ்க்கையிலேயே மூன்று நான்கு தடவைதான் இருக்கும். அதில் அது ஒன்று. அம்மியில் நசுங்கியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கும். சொறிந்தும் இருக்கும்.

"அதுவும் சரிதான்" என்று அவள் மரவள்ளிக் களியில் ஒரு உருண்டை பிடித்து மாத்திரையை நடுவில் அழுத்திக் குழம்பில் புரட்டினாள். களியை நாம் மெல்லுவதில்லையே, அப்படியே விழுங்குவோம். கெனே கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

"ஆன்ட்டி, நெஜமாச் சொறியாதா?"

"சொறியாது" என்றேன். அது பொய் இல்லை.

வெளியே வந்து விழுங்கினான். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது. "அம்மா, பாருங்க, சொறியவே இல்ல. ஆன்ட்டி மாத்திரை சூப்பர்." சுவர் மெல்லிய சுவர். அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். நான் சுவரை ஒட்டிப் போட்டிருந்த கட்டிலை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் ஏறியது. எழுந்து நடக்க முடியாமல் அவன் சட்டியிலேயே வெளிக்குப் போனான். கெனே அம்மா கண் சிவந்து உட்கார்ந்திருந்தாள். சட்டியை நான் கழுவிக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். உதவிதான் மேடம், வேறு எதுவும் நினைக்கவில்லை. சாக்கடை ஓரம் கவிழ்த்தபோது அது சிமெண்டில் விழுந்து சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வெள்ளையாக, முழுசாக இருந்தது. நடுவில் இருக்கிற கோடுகூட அழியவில்லை. சேம்பு கழுவும்போது அரிப்பது போல் என் கை இரண்டும் அரிக்கத் தொடங்கின. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கிழக்கு அறைப் பெண் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். காலால் தள்ளினேன். சாக்கடைக்குள் போய்விட்டது. சட்டியைச் சாம்பல் போட்டு நன்றாகத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"உனக்குப் புண்ணியம் தங்கச்சி" என்றாள். பிறகு இரண்டாவது மாத்திரையைக் களியில் வைத்தாள். நான் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் வைத்திருக்கிற அதே கோப்பை.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது அவனால் விழுங்க முடியவில்லை. பல் கிட்டித்துக்கொண்டது. மூன்றாவது மாத்திரை வாயிலிருந்து நழுவிக் கோப்பைத் தண்ணீரில் விழுந்தது. அந்த நேரத்தில் அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்ததால் யாரும் கோப்பையைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போய்விட்டான். முற்றம் நிறையப் பெண்கள். கெனே அம்மா அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். "பாருங்க, புதுசா ஒரு கீறல் இல்ல. ஒரு தடவகூடப் புள்ள சொறியல. மருந்து நல்ல மருந்துதான். என் விதி." என் கையைப் பிடித்துக்கொண்டாள். மருந்து கொண்டுவந்து கொடுத்ததற்காக. அந்தக் கை இன்னும் சூடாக இருப்பது போல் இருக்கிறது.

புதன்கிழமை வேலைக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அன்று பசை ஒரு கட்டிகூடத் தட்டாமல் வந்தது.

சனிக்கிழமை கெனே அம்மா அறையைக் கழுவினாள். கட்டிலுக்குப் பின்னால் அந்தக் கோப்பை இருந்திருக்கிறது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். தண்ணீர் தளும்பாமல், மெதுவாக, கோயில் தீர்த்தம் கொண்டுவருவது போல் வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தேன். அடியில் அது இருந்தது.

"அடன்மா" என்றாள். தங்கச்சி என்று சொல்லவில்லை. "திங்கக்கெழமையிலேர்ந்து தண்ணியில கெடக்கு. அஞ்சு நாளு. ஏன் கரையல?"

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள். நான் அத்தனை மாதமாகக் காத்திருந்தது அப்படி ஒருவர் கேட்பதற்குத்தான்.

"ஒண்ணுமில்ல அக்கா" என்றேன்.

அவள் பிறகு கோப்பையை அப்படியே ஏந்திக்கொண்டு, பஸ் ஏறாமல், மிஷன் ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தே போனாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பஸ்ஸில் போனால் தண்ணீர் சிந்திவிடும் என்று நினைத்தாளாம். அங்கிருந்த கன்னியாஸ்திரீ உங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதினார். நீங்கள் வந்தீர்கள்.

எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்கு முன் யாரும் என்னை நேராகக் கேட்கவில்லை என்பது போலச் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். கோப்பையோடு வந்து அவள் கேட்டது இரண்டாவது தடவை.

முதல் தடவை திங்கட்கிழமை காலை. வலிப்பு வருவதற்கு முன்னால். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் என் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"தங்கச்சி, உனக்குத் தெரிஞ்ச வேலை இது. உண்மையச் சொல்லு. இந்த மருந்து கேக்குதா இல்லியா? மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிரட்டுமா? பஸ் இன்னும் போகல, அங்க நிக்குது."

சாலையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. எனக்கும் தெரிந்தது. நடத்துநர் மேலே வாழைத்தார்களைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போடுவார்கள், ஊசி மருந்து ரத்தத்தில் ஏறும், பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். அவன் பிழைத்து வந்த பிறகு, ஊசிக்குக் கேட்டது மாத்திரைக்கு ஏன் கேட்கவில்லை என்று அவள் யோசிப்பாள் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் தெரிந்தன. நான் நிதானமாகத்தான் யோசித்தேன்.

"இன்னும் ஒரு நாள் பாருங்க அக்கா" என்றேன். "நல்ல மருந்து. மெதுவாத்தான் வேல செய்யும்."

அவள் என்னை நம்பினாள். துணி முனையை விட்டாள். பஸ் போய்விட்டது.

இவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். நான் யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை மேடம். கெனேயை எனக்குப் பிடிக்கும். எனக்குப் பயம், அவ்வளவுதான், பயப்படுகிறவளால் யாருக்கு என்ன செய்துவிட முடியும்.

கெனே அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகக் காவலர் சொன்னார். இந்தக் கட்டடத்துக்குப் பின்கதவு இருந்தால் என்னை அந்த வழியாக அழைத்துப்போகச் சொல்லுங்கள். அவள் சத்தம் போடமாட்டாள், தெரியும். கேட்க மட்டும்தான் செய்வாள். நான் உள்ளே என்ன சொன்னேன் என்று உங்களிடம் கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுங்கள்.